உருக்கு உலைவரை வராத ஒத்துழைப்பு

2022 மார்ச் 19 அன்று ஜப்பான் பிரதமர் ஃபுமியோ கிஷிடா டெல்லி வந்திருந்தபோது, இந்தியாவும் ஜப்பானும் தூய எரிசக்திக் கூட்டாண்மை ஒன்றை அறிவித்தன. மின்வாகனம், பேட்டரி, சூரிய ஒளி, காற்று, ஹைட்ரஜன், அம்மோனியா என்று அதன் பட்டியல் நீளமானது. ஐந்தாண்டுகளில் 5 லட்சம் கோடி யென் ஜப்பானிய முதலீடு என்ற இலக்கும் அன்றே வைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் பிரதமர் மோடி டோக்கியோ சென்றபோது, பத்தாண்டுகளில் 10 லட்சம் கோடி யென் தனியார் முதலீடு என்ற புதிய இலக்கு வந்தது. கார்பன் வரவுகளை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு வரவு முறையிலும் அந்த மாதமே இந்தியா சேர்ந்தது.

இப்படிப்பட்ட அறிவிப்புகளை எடைபோட வேண்டுமென்றால் ஏதாவது ஓர் ஊரில் நின்றுதான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. எண்ணூர் துறைமுகத்தை ஒட்டிய அத்திப்பட்டிலிருந்து பொன்னேரி, தச்சூர், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வரைக்கும் உள்ள இந்த நிலத்தில் ஜப்பான் பல வடிவங்களில் வந்து சேர்ந்திருக்கிறது. கடனாக வந்தது, திட்டவரைவாக வந்தது, தொழிற்பூங்காவாக வந்தது, தொழிற்சாலையாகவும் வந்தது. தமிழ்நாட்டின் நிலக்கரிச் சுமையில் பெரும்பங்கைத் தாங்குவதும் இதே நிலம்தான். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகள் 1,830 மெகாவாட். 2024 மார்ச்சில் தொடங்கப்பட்ட மூன்றாம் நிலை 800 மெகாவாட். வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட். கும்மிடிப்பூண்டி அருகே பெரிய ஒபுளாபுரத்தில் உள்ள ஓபிஜி நிலையம் 414 மெகாவாட். கூட்டினால் 4,500 மெகாவாட்டைத் தாண்டும்.

தூய எரிசக்தி என்று சொல்லிக்கொண்டு வரும் ஓர் ஒத்துழைப்பை இந்த மண்ணில் நான்கு கேள்விகளால் அளக்கலாம். எரிக்கும் நிலக்கரி குறைந்ததா? வந்த தொழில்நுட்பம் இங்கே வேரூன்றியதா? மிச்சமாகும் கார்பன் யார் கணக்கில் ஏறுகிறது? ஆலையைச் சுற்றி வாழ்பவருக்கு என்ன கிடைத்தது?

இந்த அளவுகோல் எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டதும் இல்லை. தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை இதில் தேறியிருக்கிறது. 1990ஆம் ஆண்டுவாக்கில் டென்மார்க்கின் டானிடா உதவியுடன் கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் முன்மாதிரிக் காற்றாலைகள் நடப்பட்டன. இன்றைய கணக்கில் அவை மிகச் சிறியவை. ஆனால் அவற்றைப் பார்த்துதான் நூற்பாலைக்காரர்கள் சொந்தக் காற்றாலை வாங்கினார்கள். டென்மார்க்கின் வெஸ்டாஸ் சென்னையில் கூட்டு நிறுவனமாகக் காலூன்றியது. பழுதுபார்ப்பவர், கோபுரம் செய்பவர், இறக்கை செய்பவர் என்று ஒரு தொழிலே இங்கு வளர்ந்தது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கிறது. உதவி நின்ற பிறகும் தொழில் நிற்கவில்லை. இரு நாட்டு ஒத்துழைப்பு கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த பலன் இதுதான். ஜப்பானிய ஒத்துழைப்பையும் இதன் பக்கத்தில் வைத்தே பார்க்க வேண்டும்.

டர்பைனும் மின்பாதையும்

முதல் சான்று எண்ணூர் அருகே இருக்கிறது. 2008இல் தோஷிபாவும் ஜேஎஸ்டபிள்யூ குழுமமும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. 2012 பிப்ரவரியில் அதன் தொழிற்சாலை திறக்கப்பட்டது. சூப்பர்கிரிட்டிகல் வகை நீராவி டர்பைனும் ஜெனரேட்டரும் அங்கே செய்யப்பட்டன. நீராவியின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் உயர்த்தி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரிக்கும் கரியைக் குறைப்பது அந்தத் தொழில்நுட்பம். கர்நாடகத்தின் கூட்கி அனல்மின் நிலையத்துக்கு டர்பைன் கொடுத்தது இந்தக் கூட்டு நிறுவனம்தான். அந்தக் காலத்தில் ஜப்பான் இதைத் தூய நிலக்கரித் தொழில்நுட்பம் என்ற பெயரில் ஆசியா முழுவதும் கொண்டுசென்றது.

தொழிற்சாலை என்ற அளவில் இதைக் குறை சொல்ல முடியாது. துல்லியமான கனரக எந்திர வேலை இந்த மண்ணில் கற்கப்பட்டது. எரிசக்தி மாற்றம் என்ற அளவில் பார்த்தால் தீர்ப்பு வேறு. ஒரு யூனிட்டுக்கு எரியும் கரி குறைந்தது; புதிதாகக் கட்டிய ஒவ்வொரு நிலையமும் இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்குக் கரி எரிக்கும் கடப்பாட்டையும் சேர்த்தே கொண்டுவந்தது. 2020 நவம்பரில் புதிய நிலக்கரி மின்நிலைய ஆர்டர்களை இனி எடுப்பதில்லை என்று தோஷிபாவே அறிவித்தது. ஆலை திறந்து ஒன்பதாண்டுகூட ஆகியிருக்கவில்லை. எதிர்காலத் தொழில்நுட்பமாக இங்கே நடப்பட்ட ஒன்றை, நட்டவரே அதற்குள் கைவிட வேண்டியதாயிற்று. இன்று அம்மோனியாவே எதிர்கால எரிபொருள் என்று சொல்லப்படுவதைக் கேட்கும்போது இந்த அனுபவம் நினைவில் இருக்க வேண்டும்.

இரண்டாம் சான்று நல்ல சான்று. 2012இல் ஜப்பானின் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையான ஜைக்கா, தமிழ்நாட்டின் மின்தொடரமைப்பை மேம்படுத்த ஏறத்தாழ 6,074 கோடி யென் கடன் கொடுத்தது. துணைமின் நிலையங்களும் உயரழுத்த மின்பாதைகளும் அந்தப் பணத்தில் எழுந்தன. மின்பாதை யார் கண்ணிலும் படாத வேலை. அதற்கு ரிப்பன் வெட்டும் மகிமையும் குறைவு. ஆனால் தெற்கே ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் வீசும் காற்று வடக்கே கும்மிடிப்பூண்டி உலைக்கு வந்து சேர வேண்டுமென்றால் அந்தப் பாதை இல்லாமல் முடியாது. நீண்ட தவணையில், குறைந்த வட்டியில் வரும் இத்தகைய கடன் உள்நாட்டு வங்கியில் கிடைக்காது. இந்த உதவியை மனமாரப் பாராட்டலாம்.

இருந்தாலும் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனி இதே வேலையைப் பசுமை மின்பாதை என்ற திட்டத்தின் கீழ்ச் செய்தது. மாநிலங்களுக்குள் போடும் பாதைகளுக்கு 40 சதவீதம் மத்திய அரசின் மானியம், 40 சதவீதம் ஜெர்மானிய வளர்ச்சி வங்கியின் கடன், 20 சதவீதம் மாநிலத்தின் பங்கு. காற்றும் சூரிய ஒளியும் மிகுந்த மாநிலங்களிலிருந்து அந்த மின்சாரத்தை வெளியே எடுப்பதே நோக்கம் என்று தொடக்கத்திலேயே எழுதி வைக்கப்பட்டது. ஜப்பானியக் கடன் பொதுவான மின்தொடரமைப்புக்கு வந்தது. அதில் காற்றின் மின்சாரமும் போகும், கரியின் மின்சாரமும் போகும். நோக்கத்தை முன்கூட்டியே எழுதி வைத்தால் பின்னால் கணக்குக் கேட்க முடியும். எழுதாவிட்டால் கேட்க வழியில்லை.

பெருவாயலின் ஏசி தொழிற்சாலை

மூன்றாம் சான்று நம் கண்ணெதிரே எழுந்தது. கும்மிடிப்பூண்டி வட்டம் பெருவாயல் கிராமத்தில் மகிந்திரா குழுமமும் ஜப்பானின் சுமிடோமோவும் 60:40 பங்கில் நடத்தும் தொழிற்பூங்கா இருக்கிறது. யன்மார் எஞ்சின் ஆலை அங்கே ஏற்கெனவே இயங்குகிறது. 2023 மே மாதம் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் அங்கே ₹1,891 கோடியில் ஏசி, கம்ப்ரஸர் தொழிற்சாலை அமைக்க முதலமைச்சர் ஸ்டாலின் முன்னிலையில் ஒப்பந்தம் செய்துகொண்டது. 52 ஏக்கர் நிலம், 2,000 பேருக்கு மேல் வேலை, ஆண்டுக்கு 3 லட்சம் ஏசி, 6.5 லட்சம் கம்ப்ரஸர் என்பது திட்டம்.

ஏசி செய்யும் ஆலைக்கும் தூய எரிசக்திக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் உண்டு. தொடர்பு நேரடியானது. கோடை மாலையில் தமிழ்நாட்டின் மின்தேவை ஓர் உச்சத்துக்குப் போகிறது. சூரியன் இறங்கிய பிறகு வரும் அந்த உச்சத்தை இன்று பெரும்பாலும் கரிதான் சுமக்கிறது. உச்சத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று ஏசி. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள ஏசி, பழைய வகையைவிடக் கணிசமாகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். குளிரூட்டும் வாயுவும் முக்கியம். ஆர்-410ஏ என்ற பழைய வாயு கசிந்தால் அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 2,088 மடங்கு புவியைச் சூடாக்கும். இப்போது பரவலாகியிருக்கும் ஆர்-32இன் அளவு 675 மடங்கு. கிகாலி உடன்படிக்கையின்படி இந்தியா 2032 முதல் இவ்வகை வாயுக்களைக் குறைக்கத் தொடங்கி, 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். கம்ப்ரஸரை வெளிநாட்டிலிருந்து இறக்கிக்கொண்டே இருந்தால் அந்த மாற்றத்தின் கடிவாளம் நம் கையில் இருக்காது. அந்த வகையில் ஏசியைக் கோத்து முடிக்கும் வேலையைவிடக் கம்ப்ரஸரையே இங்கே செய்யும் வேலை பன்மடங்கு மதிப்புள்ளது. கூட்டாண்மையின் பெயரில் இந்த வட்டாரத்துக்கு வந்தவற்றில் தொழில்நுட்பம் உண்மையாகவே வேர்விடக்கூடிய இடம் இதுதான் என்பது என் மதிப்பீடு.

ஆனால் வேர்விடுமா என்பது பக்கத்துச் சிறு ஆலைகளுக்கு எவ்வளவு வேலை போகிறது என்பதைப் பொறுத்தது. வார்ப்பு, ஸ்டாம்பிங், தாமிரக் குழாய், மின்சுருள் ஆகியவற்றைக் கும்மிடிப்பூண்டி, அம்பத்தூர், திருமுடிவாக்கம் பட்டறைகள் செய்து கொடுத்தால் டானிடா கதை மறுபடி நடக்கும். எல்லாம் பெட்டியில் வந்து இங்கே பூட்டி அனுப்பப்பட்டால் வேலைவாய்ப்போடு கதை முடியும். எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில், தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் ஜப்பானின் டைகின் பெரிய ஏசி ஆலையை நடத்துகிறது. இரு மாநிலங்களும் நிலவிலையிலும் வரிச்சலுகையிலும் போட்டி போடுகின்றன. உள்ளூர்க் கொள்முதல் விகிதத்தில் போட்டி போட்டால் இரு பக்கத்துப் பட்டறைக்காரர்களும் பிழைப்பார்கள்.

யாரும் எட்டிப் பார்க்காத உலை

இதுவரை சொன்ன எதுவும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உள்ளே நுழையவில்லை. சிப்காட்டின் உயிர்நாடி இரும்பு. பழைய இரும்பையும் ஸ்பாஞ்ச் அயர்னையும் இண்டக்‌ஷன் உலையில் உருக்கி, பில்லட்டாக வார்த்து, உருட்டாலையில் டிஎம்டி கம்பியாக இழுப்பது இங்குள்ள ஆலைகளின் தொழில். சென்னையில் எழும் அடுக்குமாடிகளின் தூணில் இந்தக் கம்பி இருக்கிறது.

ஒரு டன் இரும்பை உருக்க ஏறத்தாழ 550 முதல் 700 யூனிட் மின்சாரம் வேண்டும். 600 என்று வைத்துக்கொள்வோம். நாட்டின் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.72 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, உருக்கும் வேலைக்கு மட்டும் டன்னுக்கு 430 கிலோ. அதே மின்சாரம் ஆலையின் சொந்தக் கரி நிலையத்திலிருந்து வந்தால் இது இன்னும் கூடும். காற்றாலையிலிருந்து வந்தால் ஏறத்தாழப் பூஜ்யம். உலையை மாற்ற வேண்டியதில்லை, ஹைட்ரஜன் வேண்டியதில்லை. மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதை மாற்றினால் போதும். பெரிய ஒருங்கிணைந்த உருக்காலைகள் பல்லாயிரம் கோடி செலவழித்து எட்ட நினைக்கும் இடத்துக்குப் பாதி வழியில் கும்மிடிப்பூண்டி ஏற்கெனவே நிற்கிறது.

அடுத்த மிச்சம் உருட்டாலையில். வார்ப்பிலிருந்து வெளிவரும் பில்லட் செக்கச்செவேலென்று ஏறத்தாழ 900 டிகிரிக்கு மேல் சூட்டில் இருக்கும். அதைத் தரையில் அடுக்கி ஆறவிட்டு, பிறகு கரியோ உலை எண்ணெயோ எரிக்கும் சூடேற்று உலையில் போட்டு மறுபடி 1,100 டிகிரிக்கு மேல் ஏற்றி உருட்டுவது பழைய முறை. ஒருமுறை காசு கொடுத்து ஏற்றிய சூட்டைக் காற்றில் விட்டுவிட்டு மறுபடி காசு கொடுத்து வாங்குகிறார்கள். வார்ப்பு எந்திரத்தையும் உருட்டாலையையும் நேர்கோட்டில் வைத்து, சூடு ஆறுவதற்குள் பில்லட்டை உருளைக்குள் செலுத்தும் நேரடி உருட்டல் முறைக்கு மாறினால் சூடேற்று உலையே தேவையில்லை. கரி மிச்சம், புகை மிச்சம், சூட்டில் இரும்பின் மேல் படியும் ஆக்சைடு செதில் கழிந்து போகும் நட்டமும் மிச்சம். ஆனால் இதற்கு ஆலையின் தளவமைப்பையே மாற்ற வேண்டும். பணம் வேண்டும், வடிவமைப்பு அறிவு வேண்டும், சில வாரங்கள் உற்பத்தியை நிறுத்தும் துணிச்சலும் வேண்டும்.

இங்கேதான் ஜப்பான் உதவியிருக்க முடியும். அதற்கு வழியும் இருந்தது. 2008 தொடங்கி ஜைக்கா மூன்று கட்டங்களாக, கட்டத்துக்கு 3,000 கோடி யென் வீதம், சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி மூலம் சிறு குறு தொழில்களின் எரிசக்திச் சிக்கனத்துக்குக் கடன் கொடுத்தது. நோக்கம் சரி, வழியும் சரி. ஆனால் சிக்கனக் கருவிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, பட்டியலில் உள்ளதை வாங்குவோருக்குக் குறைந்த வட்டி என்பது அதன் அமைப்பு. கம்ப்ரஸர், மோட்டார், பாய்லர் வாங்குபவருக்கு அது பொருந்தும். ஆலையின் வரிசையையே மாற்ற வேண்டிய உருட்டாலைக்காரருக்கு ஒரு கருவியின் விலைப்பட்டியல் பயன்படாது. கூடவே நின்று வடிவமைத்துத் தரும் பொறியாளர் வேண்டும். ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் மத்திய எஃகு அமைச்சகமும் உருட்டாலைகளுக்கென்றே தனித் திட்டம் நடத்தின. 2013 முதல் ஆஸ்திரேலியாவின் உதவியுடன் அது சிறு எஃகு ஆலைகளுக்கு விரிவானது. பணத்தில் ஜப்பானியக் கடனோடு ஒப்பிட முடியாத சிறிய உதவி. ஆனால் அது உலையின் வாசலுக்குப் போனது.

மத்திய அரசு 2024 டிசம்பரில் பசுமை எஃகுக்கு வரையறை வெளியிட்டது. டன்னுக்கு 2.2 டன் கரியமில வாயுவுக்குக் குறைவாக இருந்தால் பசுமை எஃகு, 1.6 டன்னுக்குக் கீழே இருந்தால் ஐந்து நட்சத்திரம். பழைய இரும்பை மிகுதியாகப் பயன்படுத்தும் கும்மிடிப்பூண்டி ஆலை, கரியில் செய்த ஸ்பாஞ்ச் அயர்னைக் குறைத்து மின்சாரத்தை மாற்றினால் இந்த நட்சத்திரங்களை எட்டலாம். எட்டியதை அளந்து, சரிபார்த்து, சான்று வாங்கச் சிறு ஆலைக்கு ஆளில்லை. அளவீட்டில் உலகுக்கே பாடம் நடத்தக்கூடிய ஜப்பான், இதற்கு ஒரு பொது ஆய்வுக்கூடம் கொடுத்திருந்தால் அது பெருவாயல் ஆலைக்குச் சமமான பங்களிப்பாக இருந்திருக்கும்.

கியூஷுவிலிருந்து எதைக் கேட்க வேண்டும்

கூட்டாண்மையில் இப்போது அதிகம் பேசப்படுவது அம்மோனியா. 2024 ஜூனில் செம்ப்கார்ப் நிறுவனம், தூத்துக்குடியில் பசுமை அம்மோனியா செய்து ஆண்டுக்கு 2 லட்சம் டன் வரை ஜப்பானுக்கு அனுப்ப அந்நாட்டின் சோஜிட்ஸ், கியூஷு மின்நிறுவனம் ஆகியவற்றோடு உடன்பாடு செய்தது. தமிழ்நாட்டின் காற்றையும் வெயிலையும் அம்மோனியாவாக்கிக் கப்பலில் ஏற்றுவது நல்ல வருமானம் தரலாம். அதைத் தடுக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் இங்குள்ள உலைகள் கரி மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, தூய மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்து வேறொரு பொருளாக மாற்றிக் கடல் கடந்து எரிக்க அனுப்புவதை இந்த மாநிலத்தின் எரிசக்தி மாற்றம் என்று கணக்கில் எழுத முடியாது. அது ஏற்றுமதி வணிகம். அந்தப் பெயரிலேயே அதை மதிப்பிட வேண்டும்.

அம்மோனியாவின் இன்னொரு முகத்தை இந்த மாவட்டத்தை ஒட்டிய எண்ணூர் மக்கள் அறிவார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அம்மோனியா காற்றாலை மின்சாரத்தில் செய்யப்பட்டதா, எரிவாயுவில் செய்யப்பட்டதா என்பது அதைச் சுவாசிப்பவரின் நுரையீரலுக்குத் தெரியாது. துறைமுகம்தோறும் அம்மோனியாத் தொட்டி வைக்கப் போகும் கூட்டாண்மை, பக்கத்துக் குப்பத்துக்கு எச்சரிக்கை மணியும் வெளியேறும் பாதையும் யார் பொறுப்பு என்பதை முதலில் எழுத வேண்டும்.

அந்த மின்நிறுவனம் இயங்கும் கியூஷு தீவில் நமக்கு வேண்டிய வேறு பாடங்கள் இருக்கின்றன. ஜப்பானின் எஃகில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பழைய இரும்பை உருக்கும் மின்உலைகளிலிருந்து வருகிறது. மலிவான இரவு மின்சாரத்தில் உருக்குவது அவற்றின் நெடுநாள் வழக்கம். கியூஷுவில் சூரிய மின்சாரம் பகலில் தேவைக்கு மேல் பெருகியபோது, டோக்கியோ ஸ்டீல் நிறுவனம் அங்குள்ள ஆலையின் உலையை அத்தகைய நாட்களில் பகலில் ஓட்டி, மிகுதி மின்சாரத்தை வாங்கிக்கொண்டது. மின்நிறுவனம் குறைந்த விலை கொடுத்தது. சூரியத் தகடுகளை அணைத்து வைக்கும் நிலை குறைந்தது. தமிழ்நாட்டின் உயரழுத்தக் கட்டண முறையும் நெடுங்காலமாக இரவு நேரத்துக்கே சலுகை அளித்து வந்தது. 2023இல் திருத்திய மத்திய மின்சார விதிகள் சூரிய நேரத்துக்குக் குறைந்த கட்டணம் வேண்டும் என்கின்றன. இண்டக்‌ஷன் உலை ஒருமுறை நிரப்பிய இரும்பைச் சில மணி நேரத்தில் உருக்கி முடித்துவிடும். வேலை நேரத்தைப் பகலுக்குத் திருப்புவது அதற்குக் கடினமில்லை. கும்மிடிப்பூண்டி உலைகளைப் பகலுக்குத் திருப்பும் கட்டணமும் ஒப்பந்தமும் எப்படி அமைய வேண்டும் என்பதைக் கியூஷுவிடம் கேட்கலாம். குரூப் கேப்டிவ் முறையும் கைவசம் இருக்கிறது: நுகர்வோர் மின்நிலையத்தில் 26 சதவீதப் பங்கு வைத்து, 51 சதவீத மின்சாரத்தை எடுத்துக்கொண்டால் அது அவர்களுடைய சொந்த மின்சாரம். இந்த முறையில் இதே வட்டாரத்தில் கரி மின்சாரம் விற்கப்பட்டிருக்கிறது. காற்றும் வெயிலும் அதே வழியில் வர முடியும்.

இன்னொரு பாடம் கியூஷுவின் கிட்டாகியூஷு நகரம். யவாட்டா உருக்காலையால் வளர்ந்த அந்த நகரின் வானம் 1960களில் பல நிறப் புகையால் மூடிக் கிடந்தது. டோக்காய் வளைகுடாவில் மீன் வாழவில்லை. டோபாட்டா பகுதியின் பெண்கள் சங்கத்தினர் துணிகளை வெளியே தொங்கவிட்டு, படியும் தூசியைக் குறித்து வைத்து, படம் எடுத்து, நீலவானத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் போராடினார்கள். நகராட்சியும் ஆலைகளும் மாசுக் கட்டுப்பாட்டு ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. சட்டம் சொல்லும் அளவுக்கும் கீழே உமிழ்வைக் கொண்டுவர ஆலைகள் கையெழுத்திட்டன. இரவில் ஆலைப்புகை கூடுகிறது என்று கும்மிடிப்பூண்டியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். ஜப்பான் இந்தியாவுக்குக் கொடுக்கக்கூடியவற்றில் மிக விலையுயர்ந்தது இந்த அனுபவம். அதற்கு யென் வேண்டியதில்லை. ஆனால் கூட்டாண்மைப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

நிலமும் கணக்கும்

வெளிநாட்டு முதலீடு வந்தால் ஊர் வளரும் என்ற வாதத்தை இந்த வட்டம் சோதித்துப் பார்த்திருக்கிறது. தேர்வாய் கண்டிகையில் 1,127 ஏக்கரில் சிப்காட் அமைந்தபோது, அந்த நிலம் ஆடு மாடு மேய்த்த நிலம், ஏரிகளுக்கு நீர் கொடுத்த காடு என்று பெரும்பாலும் தலித் குடும்பங்களான ஊர்மக்கள் எதிர்த்தார்கள். அங்கே பிரான்ஸின் மிஷெலின் டயர் ஆலை வந்தது. 2012இல் அந்த முறையீடு, பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை குறித்த புகார்களை விசாரிக்கும் பிரெஞ்சு அரசின் அமைப்புவரை போனது. ஜைக்கா கடனில் வரும் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல், சமூக நெறிமுறைகளும் ஆட்சேபம் தெரிவிக்கும் வழியும் உண்டு. தனியார் முதலீடாக வரும் ஜப்பானிய ஆலைக்கு அந்த நெறிமுறை பொருந்தாது. 10 லட்சம் கோடி யென் என்ற புதிய இலக்கு தனியார் முதலீட்டைப் பற்றியது. பணம் தனியார் பக்கம் பெருகப் பெருக, மக்கள் முறையிடும் வாசல் குறுகுகிறது.

திட்டவரைவுகளின் கதியும் பாடம் சொல்கிறது. சென்னை–பெங்களூரு தொழில்வழித் தடத்துக்கு ஜைக்கா மூன்று மையங்களைத் தேர்ந்தது: ஆந்திரத்தில் கிருஷ்ணபட்டினம், கர்நாடகத்தில் துமகூரு, தமிழ்நாட்டில் பொன்னேரி. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது முதல் இரண்டுக்குத்தான். பொன்னேரி பின்தங்கியது. வெளிநாட்டு நிபுணர் வரைந்த வரைபடம் இருந்தால் வேலை நடந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. மாநிலத்தின் சொந்த முனைப்பு இல்லாத இடத்தில் ஒத்துழைப்பு காகிதத்தில் நிற்கிறது.

கடைசிக் கேள்வி கார்பன் கணக்கு. கூட்டு வரவு முறையில் ஜப்பானின் பணமும் தொழில்நுட்பமும் வரும், இங்கே உமிழ்வு குறையும், குறைந்த அளவை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ளும். ஜப்பான் பங்கு அதன் இலக்கில் சேரும். அந்த அளவை இந்தியா தன் கணக்கில் எழுத முடியாது. 2013ஐ ஒப்பிட்டு 2030க்குள் 46 சதவீதம் குறைப்பதாக உலகுக்கு வாக்களித்த ஜப்பானுக்கு இது தேவை. சாதாரண சூரிய மின்திட்டங்களை இப்பட்டியலில் சேர்க்காமல், உயர்தொழில்நுட்பச் சிக்கனம், உமிழ்வைக் குறைக்கக் கடினமான தொழில்கள் போன்றவற்றை மட்டும் இந்தியா அனுமதித்தது சரியான முடிவு. எளிதில் செய்யக்கூடியதை நாமே செய்து நம் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்; கடினமானதற்கு மட்டும் வெளிப்பணம் வாங்கலாம். கும்மிடிப்பூண்டியின் நேரடி உருட்டல் முறை இந்த வாசலுக்குள் நுழையத் தகுதியுள்ளது. ஆனால் தனித்தனிச் சிறு ஆலை இந்த நடைமுறைச் செலவைத் தாங்காது. பல ஆலைகளை ஒரே தொகுப்பாக்கிக் கொண்டுபோக மாநில அரசு முன்வந்தால்தான் முடியும்.

தீர்ப்பு

நான்கு கேள்விகளுக்கும் விடை இதுதான். நிலக்கரி: ஜப்பானிய ஒத்துழைப்பால் இந்த வட்டாரத்தின் கரி குறையவில்லை; ஒரு கட்டத்தில் கரித் தொழிலுக்கே அது புதுத்தெம்பு கொடுத்தது. தொழில்நுட்பம்: கம்ப்ரஸரில் வேர்விடும் வாய்ப்பு உண்டு, இரும்பில் இல்லை. கணக்கு: விதிகள் நம் நலனைக் காக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தும் தயாரிப்பு நம்மிடம் இல்லை. மக்கள்: வேலை வந்தது, பாதுகாப்பும் முறையிடும் வழியும் வரவில்லை. மின்பாதைக்கான கடனும் பெருவாயல் ஆலையும் பாராட்டத் தக்கவை. மற்றபடி, எது விற்க எளிதோ அது வந்தது. எது இந்த மண்ணுக்குத் தேவையோ அது கேட்கப்படவே இல்லை. டென்மார்க் கயத்தாற்றில் செய்ததன் பக்கத்தில் வைத்தால் இந்தக் கூட்டாண்மை இன்னும் தேறவில்லை.

பழியை ஜப்பான்மேல் மட்டும் போடுவது நியாயமாகாது. கொடுப்பவர் தன்னிடம் உள்ளதைக் கொடுக்கிறார். என்ன வேண்டும் என்று பெறுபவர்தான் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு டோக்கியோவோடு அடுத்த முறை கையெழுத்திடும்போது முதலீட்டுத் தொகைக்கு முன்னால் நான்கு கோரிக்கைகளை வைக்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் எஃகின் கார்பனை அளந்து சான்றளிக்கும் பொது ஆய்வுக்கூடமும், நேரடி உருட்டலுக்கு மாறும் ஆலைகளுக்குப் பொறியாளர் குழுவும் வேண்டும். உலைகளைப் பகலுக்குத் திருப்பும் கட்டண ஒப்பந்தத்தைக் கியூஷு அனுபவத்தை வைத்து வகுக்க வேண்டும். சிறு ஆலைகளைத் தொகுத்துக் கூட்டு வரவு முறைக்குள் கொண்டுசெல்ல வேண்டும். ஊராட்சிகளும் ஆலைகளும் கையெழுத்திடும் மாசுக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தைக் கிட்டாகியூஷு மாதிரியில் இங்கே தொடங்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. பெரும்பாலானவை ஜப்பானில் நடந்து காட்டப்பட்டவை. கேட்டுப் பெறுவது சென்னைக் கோட்டையின் கடமை.